பாடம் நடத்திக்கொண்டே மூளை ஆராய்ச்சி: நம்ம மாவட்டக் கல்லூரிக்கு வருகிறவர்களுக்கு

"மிஸ், நியூரோல பிஎச்.டி. முடிச்சிட்டு ஊருக்கே திரும்பி வந்தா வேலை கிடைக்குமா?" என்று வருடத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். ஊர் என்றால் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், கொஞ்சம் மேலே போனால் குலசேகரம். வேலை உண்டு, அந்தப் பெயரில் இல்லை. இங்கே கலை அறிவியல் கல்லூரிகளில் நரம்பறிவியல் துறை என்று ஒரு பலகையை நான் பார்த்ததில்லை. விலங்கியல், உயிர்த்தொழில்நுட்பம், உளவியல் என்று ஏதோ ஒரு வாசல் வழியாக உதவிப் பேராசிரியராக உள்ளே போய், மண்புழுவும் மீன் வளர்ப்பும் நடத்திக்கொண்டே இடையில் மூளையை வைத்துப் பிழைக்க வேண்டும். நான் விலங்கியலில் இருந்து அப்படித்தான் பிழைக்கிறேன். வந்த புதிதில் யாராவது சொல்லியிருந்தால் மூன்று வருடம் மிச்சமாகியிருக்கும் என்று நினைக்கிற விஷயங்களை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சான்றிதழ் விவகாரம், சலிப்பாக இருந்தாலும் இதில்தான் நிறைய பேர் வழுக்கி விழுகிறார்கள். கல்லூரி வேலைக்கு உங்கள் முதுகலைப் பட்டம் எந்தப் பாடத்தில் என்பதுதான் முதல் கேள்வி, முனைவர் பட்டம் எவ்வளவு பெரிய இடத்தில் என்பதெல்லாம் அப்புறம். எம்.எஸ்சி. நரம்பறிவியல் என்று ஆசையாகப் படித்துவிட்டு விலங்கியல் பணியிடத்துக்கு விண்ணப்பித்தால், இது அதற்கு இணையான பட்டமா என்று கேட்பார்கள், இணைத்தன்மைக்கு அரசாணை உண்டா என்று தேடி அலைய வேண்டியிருக்கும். அதனால் ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் எம்.எஸ்சி.யை விலங்கியல் மாதிரி பழைய பெயரில் முடித்துவிட்டு, நியூரோவைப் பிஎச்.டி.யில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான சி.எஸ்.ஐ.ஆர்.-யூ.ஜி.சி. நெட் தேர்வில் உயிர் அறிவியல் தாளையோ மாநிலத்தின் செட் தேர்வையோ எம்.எஸ்சி. முடித்த சூட்டிலேயே எழுதிவிடுவது நல்லது. பிஎச்.டி. நடுவில் மறுபடி தாவரவியல் பக்கம் புரட்டுவது எவ்வளவு கொடுமை என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

பிஎச்.டி. எங்கே? பெங்களூரில் என்.சி.பி.எஸ்., ஐ.ஐ.எஸ்சி., நிம்ஹான்ஸ், ஹரியானா மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம், இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நம் ஆட்கள் மறந்துபோவது பக்கத்திலேயே இருக்கும் திருவனந்தபுரத்தை. ஸ்ரீசித்திரா, ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையம், விதுரா மலையடிவாரத்தில் ஐசர், மூன்றும் நாகர்கோவிலில் ரயில் ஏறினால் காலைச் சாப்பாடு செரிப்பதற்குள் எட்டிவிடும் தூரம் (விதுராவுக்கு அதற்கு மேல் ஒரு மலைப்பாதைப் பஸ்). எங்கே படித்தாலும் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே கற்கிற வேலைகளில் ஒன்றாவது பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுவரக்கூடியதாக இருக்கட்டும். ஒற்றைச் செல்லில் கண்ணாடி ஊசி வைத்து மின்னோட்டம் அளக்கும் வேலையை நான் ஐந்து வருடம் கற்றேன். அந்தக் கருவிக்கு அதிர்வில்லாத மேசை வேண்டும், நிற்காத மின்சாரம் வேண்டும், லட்சக்கணக்கில் பணம் வேண்டும். நான் சேர்ந்த துறையில் மேசை இருந்தது, அதன் ஒரு காலுக்கு அடியில் மடித்த அட்டை இருந்தது. கூடவே கற்ற நிரல் எழுதுவதும் புள்ளியியலும்தான் இன்றுவரை சோறு போடுகின்றன.

சரி, வேலை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 2018 யூ.ஜி.சி. விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு, வருடத்தில் 30 வாரம். கேட்க லேசாக இருக்கும். அதன் மேல் இன்டர்னல் தாள் திருத்துவது, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து, கல்லூரிக்குத் தரம் போட வரும் நாக் கமிட்டிக்குக் கோப்பு, அட்மிஷன் டியூட்டி, எக்ஸாம் டியூட்டி, லீவில் போன ஆளின் ஹவர், பல்கலைக்கழக வேல்யூயேஷன் முகாம் எல்லாம் வந்து உட்காரும். சுயநிதிப் பிரிவில் சேர்ந்தால் இன்னும் கூடும், சம்பளம் குறையும். இந்தக் கணக்கைப் பார்த்து, பாடம் நடத்துவதைச் சீக்கிரம் முடித்துவிட்டு மீதி நேரத்தில் ஆராய்ச்சி செய்யலாம் என்று எல்லோரும் ஒரு திட்டம் போடுவார்கள், நானும் போட்டேன். மீதி நேரம் என்று ஒன்று வரவே வராது. டே ஆர்டரில் மூன்று மணி நேரம் தொடர்ச்சியாக, வெள்ளைக் கோட்டுப் போட்ட பன்னிரண்டு பிள்ளைகளோடு, யாரும் வந்து கூப்பிடாமல் கிடைப்பது ஒன்றே ஒன்றுதான், பிராக்டிக்கல் ஹவர். உங்கள் ஆராய்ச்சிக் கேள்வி அந்த மூன்று மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காத கேள்வியை, எவ்வளவு அழகாக இருந்தாலும், திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள்.

ஆனாலும் முதல் வருடம் ஆராய்ச்சியைத் தொடாதீர்கள். நரம்பு மண்டலம் வருகிற யூனிட்டை உங்களுக்குத் தரச் சொல்லிக் கேளுங்கள், சந்தோஷமாகத் தருவார்கள், ஏனென்றால் அதை யாருக்கும் பிடிக்காது. அதை மட்டும் நன்றாக நடத்துங்கள். வகுப்பறையில் விலங்குகளை அறுப்பதை நிறுத்தும்படி யூ.ஜி.சி. 2014இல் சொன்ன பிறகு பல துறைகளில் படத்தைக் காட்டிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். கசாப்புக்கடையும் மீன்சந்தையும் இருக்கும்போது அந்தக் கவலை எதற்கு? ஆட்டுக்கறிக் கடையில் முந்தின நாளே சொல்லிவைத்து, மண்டையோட்டை நடுவில் வெட்டாமல் மூளையை முழுசாக எடுத்துத் தரக் கேளுங்கள். சமையலுக்குக் கேட்பவர்கள் யாரும் இப்படிக் கேட்பதில்லை என்பதால் இரண்டு தடவை விளக்க வேண்டியிருக்கும். நூறு கிராமை ஒட்டி இருக்கும். கூரான பிளேடால் நேர் நடுவே ஒரே இழுப்பில் வெட்டினால், சிறுமூளைக்குள் வெள்ளையாக ஒரு மரம் கிளை விட்டு நிற்பதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு அந்த யூனிட்டில் யாரும் தூங்குவதில்லை.

இன்னொன்று கணவாய். குளச்சலிலோ சின்னமுட்டத்திலோ காலையில் போனால் கிடைக்கும். ஓடு உள்ள கணவாய் வேண்டாம், ஒல்லியாக நீளமாக இருக்கிறதே, எல்லைக்கு அந்தப் பக்கம் கூந்தல் என்பார்கள், அது. "என்ன மக்ளே, கறிக்கு வெட்டித் தரட்டா?" என்று மீன் விற்கும் அம்மா கேட்பார், வெட்டாமல் வாங்கி வாருங்கள். வயிற்றுப் பக்கமாக உடல் உறையைக் கீறி விரித்தால், உள்சுவரில் இரு பக்கமும் ஒவ்வொரு நரம்பு முடிச்சு, அதிலிருந்து நட்சத்திரக் கதிர் மாதிரி நரம்புகள் விரிந்து போகும். அந்தக் கதிர்களில் ஓடும் ராட்சத நரம்பிழை அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை தடிமன் வரும், பெரிய கணவாயில் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். நரம்பில் மின்துடிப்பு எப்படிப் பிறக்கிறது என்று ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் கணக்குப் போட்டுக் காட்டி 1963இல் நோபல் வாங்கியது இந்த நரம்பை வைத்துத்தான். கரும்பலகையில் சோடியம், பொட்டாசியம் என்று எழுதுவதற்கு முன்னால் இதைக் காட்டுங்கள். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் கடற்கரை ஊர்க்காரர்கள், அம்மா தினமும் சுரண்டிக் குப்பையில் போடுகிற பொருளில் நோபல் பரிசு இருக்கிறது என்றால் அவர்கள் முகம் மாறுவதை நீங்களே பார்க்கலாம்.

இரண்டாம் வருடம் கேள்வியைத் தேடுங்கள். தேடும்போது நான் பார்ப்பது மூன்று விஷயம். அந்த உயிரினம் ஒரு வாரம் கவனிக்காமல் விட்டாலும் சாகக் கூடாது (கோட்டாறு சவேரியார் திருவிழா, அய்யா வைகுண்டர் அவதார நாள், மழை லீவு என்று இங்கே காலண்டர் அப்படி). இரண்டாவது, வேலையை ஒரு மாணவி மூன்று வாரத்தில் கற்றுக்கொள்ள முடிய வேண்டும். மூன்றாவது, அனுமதி. எலி வளர்த்துச் சோதிப்பதற்குப் பதிவும் விலங்கு நெறிக்குழுவும் வேண்டும், சின்னக் கல்லூரியால் அதை ஓட்டுவது கஷ்டம், ஆசைப்படாதீர்கள். பூச்சிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. மனிதர்களை வைத்துச் செய்வதென்றால், வெறும் கேள்வித்தாள் என்றாலும், மனித ஆய்வுக்கான நெறிக்குழுவின் ஒப்புதலும் கலந்துகொள்பவரின் எழுத்துச் சம்மதமும் முதலிலேயே வாங்கிவிடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு வாங்கலாம் என்று நினைத்த ஒரு நண்பரின் இரண்டு வருடத் தரவு இன்னும் பென்டிரைவில் தூங்குகிறது.

பழ ஈ பற்றி எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். 25 டிகிரியில் முட்டையிலிருந்து ஈயாக 10 நாள், மக்காச்சோள மாவு, சர்க்கரை, ஈஸ்ட், அகர் இருந்தால் போதும், கால்சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவரலாம். நன்றாகப் பழுத்த மட்டிப்பழத்தை ஒரு பாட்டிலில் போட்டு வாயில் காகிதப் புனல் வைத்தால் ஈ தானாக வந்து சேரும், ஆனால் அப்படிச் சேர்வதில் பல இனம் கலந்திருக்கும், புத்தகத்தில் உள்ள மெலனோகாஸ்டர் இனம்தான் என்று நம்பிவிடாதீர்கள். நம்ம ஊரில் உண்மையான எதிரிகள் இரண்டு. எறும்பு, அதற்கு மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். பூஞ்சை, இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் இது, புரோப்பியானிக் அமிலம் சேர்க்காத உணவு நாலு நாளில் பச்சைக் கம்பளி போர்த்திக்கொள்ளும், நுண்ணோக்கி லென்ஸிலும் ஏறும், அதனால் அலமாரிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம். மூன்றாவது எதிரி அன்பு. எங்கள் அட்டெண்டர் அக்கா கிறிஸ்மஸ் லீவில் தனியாக வந்து, "டீச்சர், ஈ மொய்ச்சுக் கிடந்த பாட்டிலெல்லாம் கழுவிக் கவுத்தி வச்சிருக்கேன்" என்றார். பதினோரு வகை ஈ. அவர் மேல் என்ன தப்பு, நான்தான் சொல்லிவைக்கவில்லை. இப்போது லேபில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் அவருக்குத்தான் முதல் வகுப்பு.

நான் கடைசியில் வந்து நின்றது தேனீயில். மார்த்தாண்டத்தைச் சுற்றித் தேனீப் பெட்டி இல்லாத தோட்டம் குறைவு, அதை ஏன் இத்தனை நாள் யோசிக்கவில்லை என்று தெரியவில்லை. பத்து லட்சத்துக்கும் சற்றுக் குறைவான நரம்புச் செல்களை வைத்துக்கொண்டு வாசனையையும் நிறத்தையும் கற்றுக்கொள்கிற பூச்சி. தொடக்கத்தில் ஒரு பெட்டியை விலைக்கு வாங்கிக் கல்லூரித் தோட்டத்தில் வைத்தேன், ஒவ்வொரு பேட்சுக்கும் திறந்து காட்டினேன். ஐந்தாவது வாரம் பெட்டி காலி, நம்ம இந்தியத் தேனீ தொந்தரவு பொறுக்காமல் கூட்டோடு கிளம்பிவிடும் இனம். விற்றவரிடம் போய்ப் புலம்பினேன். "டீச்சர், நாளுக்கு மூணு தடவை கூரையைப் பிரிச்சா நீங்க அந்த வீட்ல இருப்பீங்களா?" என்றார். அன்றோடு பெட்டி வளர்ப்பதை விட்டேன், அவர் தோட்டத்திலிருந்தே வாரத்துக்கு 24 தேனீ மட்டும் கடன் வாங்குகிறேன்.

எப்படி என்றால், காலையில் பெட்டி வாசலில் சின்னக் குப்பியில் பிடித்து, ஐஸில் வைத்து மயங்க வைத்து, முனை வெட்டிய நீலப் பிப்பெட் முனைக்குள் தலை மட்டும் வெளியே தெரிகிறபடி ஒவ்வொன்றாகச் செருகி, கழுத்துக்குப் பின்னால் ஒரு துண்டு டேப். தெளிந்த பிறகு ஒரு துளி சர்க்கரைத் தண்ணீர், அப்புறம் மதியம் வரை பசி. இரண்டு மணிக்குப் பிராக்டிக்கல் தொடங்கும்போது, மாறாமலைக் கிராம்பிலிருந்து எடுத்த எண்ணெயை வடிதாளில் நனைத்து ஊசிக் குழலில் போட்டு, தேனீயின் முகத்தில் நாலு நொடி மெல்ல ஊதி, வாசனை முடிவதற்குள் சர்க்கரைத் தண்ணீர்க் குச்சியால் உணர்கொம்பைத் தொட வேண்டும். நாக்கு நீளும், ஒரு துளி கொடுங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி. இப்படி மூன்று நாலு தடவை ஆனதும் குச்சி வருவதற்கு முன்பே, வெறும் வாசனைக்கே, அந்தப் பழுப்பு நாக்கு மடிப்புப் பிரிந்து நீளும். முதல் தடவை அதைப் பார்க்கிற மாணவி அலறுவாள், பரவாயில்லை. ஆறு சுற்றுக்கு ஒரு மணி நேரம், முடிந்ததும் டேப்பைப் பிரித்து ஜன்னல் வழியாக விட்டுவிடலாம். வாசனையையும் சர்க்கரையையும் சேர்க்காமல் தனித்தனியாகத் தருகிற ஒரு கூட்டமும் அதே நாளில் இருக்க வேண்டும், அது இல்லாவிட்டால் கற்றதா, தற்செயலா என்று பிரிக்க முடியாது. ஒரு நாள் எல்லாத் தேனீயும் எதற்கெடுத்தாலும் நாக்கை நீட்டின, காரணம் புரியாமல் விழித்தோம், பார்த்தால் மூன்று பிள்ளைகள் தலையில் தோவாளைப் பிச்சிப்பூ. அன்றைய தரவு குப்பைக்குப் போனது, ரெக்கார்டு நோட்டில் மட்டும் காரணத்தோடு இருக்கிறது.

பன்னிரண்டு பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு தேனீ, எட்டு வாரம், 192 தேனீ. பாடத்திட்டத்து பிராக்டிக்கல் முடிகிறது, கற்றலும் நினைவும் நடத்தியாகிறது, கையில் ஒரு தரவும் நிற்கிறது. கேள்வியைக் கொடுத்தவரும் அந்தத் தேனீக்காரர்தான்: மழைக்காலத்தில் பூ இல்லாமல் சீனிப் பாகு மட்டும் குடிக்கிற தேனீக்கு மந்தம் வருமா? பருவமும் அவர் சொன்னபடிதான். ரப்பர் தளிர் விட்டுத் தேன் சுரக்கிற தை மாசிக்குப் பிறகு அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது, அதனால் தேனீ வேலையை ஜூனில் தொடங்கும் செமஸ்டரில் வைத்து, அடுத்த செமஸ்டரைக் கணக்குப் போடவும் எழுதவும் ஒதுக்கிக்கொள்கிறேன்.

தேனீ பிடிக்காதவர்களுக்கு, பயப்படுகிறவர்களுக்கு, ஒரு கணினி போதும். ஒரு பெண் பழ ஈயின் முழு மூளையின் இணைப்பு வரைபடம் 2024இல் வெளிவந்தது, ஃபிளைவயர் என்று பெயர், 1,39,255 நரம்புச் செல்கள், ஐந்து கோடிக்கும் மேல் இணைப்புகள், இணையத்தில் இலவசம். பெங்களூரில் இருப்பவருக்கும் பேச்சிப்பாறையில் இருப்பவருக்கும் அதே தரவுதான். இல்லையென்றால் மொழி. விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகள் தமிழும் மலையாளமும் கலந்து வளர்ந்தவர்கள், 'பச்சை' என்ற சொல்லைச் சிவப்பு மையில் எழுதி நிறத்தைச் சொல்லச் சொல்கிற ஸ்ட்ரூப் சோதனையை (1935இல் வந்தது, இன்னும் சலிக்கவில்லை) இரண்டு எழுத்திலும் வைத்துப் பாருங்கள். சைக்கோபை என்ற இலவச மென்பொருள் நேரத்தை அளந்து தரும். அதுவும் வேண்டாமென்றால் 30 செ.மீ. ஸ்கேலைக் கீழே விட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள், 20 செ.மீ.யில் பிடித்தால் ஏறக்குறைய 0.2 நொடி.

மாணவர்களைப் பற்றி. மூன்றாம் வருடப் பிராஜெக்ட் பிள்ளைகளை மட்டும் நம்பினால் ஏப்ரலில் எல்லோரும் போய்விடுவார்கள், உங்கள் லேபும் அவர்களோடு போகும். இரண்டாம் வருடத்தில் இருந்தே ஆளுக்கு ஒரு தங்கச்சியை, தம்பியைச் சேர்த்துவிடுங்கள், சீனியர் ஜூனியருக்குக் கற்றுக்கொடுத்தால்தான் தனக்கே புரிந்ததா என்று தெரியும். யார் பெயர் கட்டுரையில் வரும் என்பதை முதல் வாரமே எழுதி ஒட்டுங்கள். துறையில் மூத்தவர் பெயரைச் சும்மா சேர்க்கச் சொல்லி அழுத்தம் வரும், அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, நான் ஒரு தடவை சேர்த்தேன், இன்னும் உறுத்துகிறது.

பணத்துக்குப் பெரிய திட்டத்தை எதிர்பார்த்து உட்காராதீர்கள். தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் மாணவர் பிராஜெக்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் தருகிறது, பூச்சி வேலைக்கு அது போதும். இளங்கலை லேபுகளுக்காகவே மத்திய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறை (டி.பி.டி.) நடத்தும் ஸ்டார் காலேஜ் திட்டம் இருக்கிறது, அதற்குத் துறை சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகை மாணவர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆசிரியர்களுக்கும் உண்டு, இரண்டு மாதம் நல்ல லேபில் இருந்துவிட்டு வரலாம், நான் பழைய கைவேலையை அப்படித்தான் துரு ஏறாமல் வைத்திருக்கிறேன்.

கட்டுரை எழுதும்போது, பணம் கட்டினால் பத்து நாளில் வெளியிடுகிறோம் என்று வரும் மின்னஞ்சலுக்கெல்லாம் பதில் போடாதீர்கள், பதவி உயர்வு நெருங்கும்போது அது ரொம்ப இனிப்பாகத் தெரியும். பிராக்டிக்கலாக உருவாக்கிய சோதனையையே கட்டுரையாக எழுதலாம், இளங்கலை நரம்பறிவியல் கற்பித்தலுக்கென்றே அமெரிக்க ஆசிரியர்கள் 2002 முதல் ஒரு இதழ் நடத்துகிறார்கள், படிக்கக் காசில்லை. அதைப் புரட்டினால் கரப்பான் காலில் மின்துடிப்பைக் கேட்கிற மாதிரி நாம் செய்யக்கூடிய சோதனைகள் நிறையக் கிடைக்கும். எழுதுவதற்கு வாரத்தில் இரண்டு ஹவர், டைம்டேபிளிலேயே பென்சிலால் குறித்து, துறைத்தலைவரிடம் காட்டிவிடுங்கள். எனக்கு வியாழன் முதல் இரண்டு ஹவர், கைப்பேசியை அட்டெண்டர் அக்காவிடம் கொடுத்துவிடுவேன். யார் கூப்பிட்டாலும் "டீச்சர் கிளாஸ்ல" என்று சொல்லிவிடுவார்.

ஏப்ரல் வந்ததும் வேல்யூயேஷன் முகாமுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் செய்ய வேண்டியவை: தரவை இரண்டு இடத்தில் நகல், ரெக்கார்டு நோட்டுகளைப் பூட்டுகிற அலமாரியில், சிலிக்கா ஜெல்லை வெயிலில் காயவைத்து மறுபடி உள்ளே. மிச்சமிருக்கும் ஈ பாட்டில்களில் ஒரு செட்டை லேபில் வைத்துக் "கழுவாதீர்கள்" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இன்னொரு செட் இரண்டாம் வருடத்துப் பிள்ளை வீட்டுக்குப் போகட்டும், அவள் அம்மாவிடம் நீங்களே போனில் பேசிவிடுங்கள்.